சமிக்கி வரிசை

எந்த மவுஸ் நல்லதுன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க அக்கா. வேற எது வேணும்னாலும் கேளுங்க. இந்த பஸ் திருப்பூருக்கு எத்தனை மணிக்குப் போகும்னு கேளுங்க, தெரியாதுன்னு சொல்றேன். மூஞ்சி ஏன் வீங்கிக் கெடக்குன்னு கேளுங்க, வெயில்னு சொல்றேன். மவுஸ் மட்டும் வேண்டாம்.

சரி, மடியில மவுஸ் டப்பாவை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா யாரா இருந்தாலும் கேக்கத்தான் செய்வாங்க. பையன் எத்தனாவது? ஒன்பதாவதா. கேமிங் மவுஸ் வாங்கித் தரலைன்னு சாப்பிட மாட்டேங்கறானா. விடுங்க, ரெண்டு வேளை கழிச்சுத் தானா வருவான். நானும் அப்படித்தான் வந்தேன். அவன் கேட்ட மவுஸ் போட்டோ இருக்கா? காட்டுங்க.

இதையா? வேண்டாங்க்கா. ஏழு கலர்ல லைட் எரியும், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல இதுல. அந்த லைட்டே பேட்டரியைத் தின்னுடும். டப்பாவுல எழுபது மணி நேரம்னு போட்டிருக்கும். லைட்டை அணைச்சு, மெதுவா ஆட்டி, யாரோ ஏசி ரூம்ல உட்கார்ந்து அளந்த எழுபது அது. நம்ம வீட்டுல அது இருபதுகூட வராது.

பாருங்க, வேண்டாம்னு சொல்லிட்டு நானே ஆரம்பிச்சுட்டேன். என் பேரு மௌனிகா. சிரிச்சுக்குங்க, பரவாயில்ல, எல்லாரும் சிரிச்சாச்சு.

பின்னாடி கடைசி சீட்டுல நாலு பசங்க இருக்காங்க. திரும்பாதீங்க அக்கா. கறுப்பு பனியன், முதுகுல பேரு போட்டது. நானும் அதேதான் போட்டிருக்கேன், மேல சட்டை போட்டு மறைச்சிருக்கேன். அவங்க என் டீம். இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் என் டீம். அஞ்சு பேருக்கு அஞ்சு பேரு சுட்டுக்கிட்டு ஆடற கேம். கோயம்புத்தூர்ல இன்னிக்கு செமி ஃபைனல். ஜெயிச்சா சென்னை. ஜெயிச்சோம். ஜெயிச்சதுக்கு அப்புறம் நடுவர் வந்து இவ மவுஸ்ல ஏதோ இருக்குன்னு நிறுத்திட்டாரு. ஆறு மணிக்குள்ள நான் ஒரு ஃபாரத்தை ஃபோன்ல நிரப்பி அனுப்பணும், என்ன நடந்ததுன்னு. தெரியாம நடந்ததுன்னு அவங்க ஒத்துக்கிட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த மேட்சைத் திரும்ப ஆட விடுவாங்க. தெரிஞ்சு செஞ்சதுன்னா டீமே வெளியே, எனக்கு ஒரு வருஷம் தடை. இப்ப மணி அஞ்சே கால். அதான் மூஞ்சி இப்படி.

இதுல எனக்கு எரியறது எது தெரியுமா? மூணு வாரம் பார்த்துப் பார்த்து வாங்கின மவுஸ் இது. மூணு வாரம். என்னை மாதிரி ஒருத்தி மூணு வாரம் ஒரு விஷயத்துல நிக்கறதே பெருசு. ப்ளஸ் டூவை நான் பாதியில விட்டுட்டேன். கதையெல்லாம் ஒண்ணும் இல்ல, உட்கார முடியல. ஒரு வரியைச் சொல்ல ஒரு மணி நேரம் பேசறாங்க.

இப்ப அங்கேரிபாளையம் ரோட்டுல ஒரு எம்பிராய்டரி யூனிட்ல பஞ்சிங் பண்றேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாதா? பனியன் நெஞ்சுல பூ, புலி எல்லாம் தைக்கறாங்கல்ல, அந்த மெஷினுக்கு ஊசி எங்கெங்க குத்தணும்னு கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு புள்ளியா வெச்சுத் தரணும். அது என் வேலை. காலைல ஒன்பதுக்கு உட்கார்ந்தா ஒரே க்ளிக்குதான். ஒரு புலிக்கு எத்தனை க்ளிக்னு ஒரு நாள் எண்ணப் பார்த்தேன், புலியோட காதுக்கு வர்றதுக்குள்ள விட்டுட்டேன்.

பழைய மவுஸ் அதுல செத்துது. ஒரு தடவை அழுத்தினா ரெண்டு தடவை அழுத்தினதா எடுத்துக்கும். கேம்ல அப்படி ஆனா ஒரு குண்டு வீண், அவ்வளவுதான். வேலைல அப்படி ஆனா ஒரே இடத்துல ரெண்டு குத்து விழும், ஊசி ஒடியும். பன்னெண்டு ஊசி ஒண்ணா ஓடற மெஷின் அது. ஓனர் தனபால் அண்ணன் வந்து ஒடிஞ்ச ஊசியை என் டேபிள் மேல வரிசையா வெச்சுட்டு ஒண்ணும் பேசாம போனாரு. திட்டியிருக்கலாம்.

அதனால எனக்கு ஒரே மவுஸ் ரெண்டுக்கும் வேணும். பகல்ல புலி, சாயங்காலம் கேம். இருக்கற எல்லா வீடியோவும் பார்த்தேன். ஒவ்வொருத்தனும் டப்பாவைப் பிரிக்கறதுக்கே கால் மணி நேரம் எடுத்துக்கறான். எத்தனை லட்சம் க்ளிக் தாங்கும்னு மட்டும் சொல்லித் தொலைடான்னா, டப்பா எவ்வளவு அழகுன்னு காட்டறான். கைப்பிடியில ரப்பர் ஒட்டினதை வாங்காதீங்க அக்கா, நம்ம ஊர் வேர்வைக்கு ஆறு மாசத்துல வெல்லப் பாகு மாதிரி பிசுபிசுக்கும். வயர் இல்லாதது வாங்கினா சார்ஜ் தீரும்போது வயரைச் சொருகிட்டு அப்படியே ஓட்ட முடியணும். சிலதுல சொருகற ஓட்டையை அடியில வெச்சிருக்கான். சார்ஜ் ஏறி முடியற வரைக்கும் மவுஸைக் கவுத்துப் போட்டுட்டு நீங்க கன்னத்துல கை வெச்சு உட்காரணும். இதைச் செஞ்சவன் ஒரு நாளாவது மவுஸ் பிடிச்சிருப்பானா?

எல்லாத்தையும் விட மோசம் சாஃப்ட்வேர். மவுஸ் எவ்வளவு வேகமா ஓடணும், எந்தப் பட்டன் என்ன செய்யணும்னு அதுலதான் மாத்தணும். அதைத் திறக்க ஈமெயில் கேக்கும், பாஸ்வேர்டு கேக்கும், பிறந்த தேதி கேக்கும். என் பிறந்த நாளுக்கு அது என்ன கேக்கா வெட்டப் போகுது? நிறைய மவுஸ்ல நம்ம மாத்தினது எல்லாம் அந்த சாஃப்ட்வேர்லதான் இருக்கும். வேற கம்ப்யூட்டர்ல சொருகினா பச்சைக் குழந்தை மாதிரி முதல்ல இருந்து ஆரம்பிக்கும். போட்டி நடக்கற இடத்துல அவங்க கம்ப்யூட்டர்லதான் ஆடணும், எதையும் ஏத்த விட மாட்டாங்க. அதனால நம்ம மாத்தினதை மவுஸே உள்ள ஞாபகம் வெச்சுக்கற மாதிரி வேணும்னு நான் பிடிவாதமா நின்னேன். நாலு கடை ஏறி இறங்கினேன். நாலாவது கடைல கிடைச்சுது. எங்கே கொண்டு போய்ச் சொருகினாலும் நீ செஞ்சது செஞ்சபடி கூடவே வரும்மான்னாரு கடைக்காரரு. அதுதான் வேணும்னு வாங்கினேன்.

நல்ல மவுஸுங்க்கா. அதுல குறையே சொல்ல மாட்டேன். லைட் கிடையாது, பேட்டரி எனக்கு ஒன்பது நாள் வந்துது.

வேலைல சமிக்கி வைக்கற டிசைன் ஒண்ணு வந்துது. அதான், பளபளன்னு வட்டமா இருக்குமே, பாவாடையில வைப்பாங்களே, அது. மேல இருந்து கீழ வரிசையா வைக்கணும், நடுவுல சம இடைவெளி. ஒரு க்ளிக், கொஞ்சம் கீழ இறக்கு, ஒரு க்ளிக், கொஞ்சம் கீழ இறக்கு. ஆறு ஆறா. நாள் பூரா இதே. எனக்குப் பொறுமை கிடையாதுன்னு சொன்னேன்ல? அதனால அந்த ஆறு க்ளிக்கையும் கீழ இறக்கறதையும் ஒரே பட்டன்ல பதிஞ்சுட்டேன். மேக்ரோன்னு சொல்வாங்க. கட்டை விரல் படற ஓரத்துல ரெண்டு பட்டன் இருக்கு பாருங்க, அதுல பின்னாடி இருக்கறது. ஒரு தட்டு தட்டினா ஆறு சமிக்கி, அளந்து வெச்ச மாதிரி. நாலு நாள் வேலை ஒன்றரை நாள்ல முடிஞ்சுது. தனபால் அண்ணன் என்னைப் பார்த்து முதல் தடவை சிரிச்சாரு.

முன்னாடி இருக்கற பட்டன் கேம்ல டீம்கிட்ட பேசறதுக்கு. அழுத்திட்டுப் பேசினா மத்த நாலு பேருக்கும் காதுல கேக்கும். பின்னாடி பட்டன்ல சமிக்கி. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல.

கேம்ல துப்பாக்கி எப்படின்னா, சுடச் சுட மேல தூக்கிட்டே போகும். முதல் குண்டு நெஞ்சுல பட்டா மூணாவது தலைக்கு மேல போகும். அதனால சுடும்போதே மவுஸைக் கொஞ்சம் கொஞ்சமா கீழ இழுக்கணும். அந்தப் பழக்கம் கைக்கு வர்றதுக்கு வருஷக் கணக்கா ஆகும். நிஷாந்த் கை அப்படி வந்த கை. நிஷாந்த் எங்க கேப்டன். இன்ஜினியரிங் கடைசி வருஷம், ஜூன்ல பெங்களூருல வேலைக்குச் சேரறான். அவனுக்கு இதுதான் கடைசிப் போட்டி.

இப்ப யோசிச்சுப் பாருங்க. ஒரு க்ளிக், கீழ இறக்கு, ஒரு க்ளிக், கீழ இறக்கு. புரியுதா? என் சமிக்கி பட்டன் துப்பாக்கி மேல தூக்கறதை அப்படியே அமுக்கிடும். நான் பாவாடைக்குப் பதிஞ்சது அங்க ஆளைக் கொல்லுது.

நான் சத்தியமா அதை யோசிக்கவே இல்ல. காலைல அவசரத்துல வந்து சொருகினேன். வேகம் எல்லாம் நான் வெச்சபடி வந்துது, சந்தோஷப்பட்டேன். சமிக்கியும் கூட வந்திருக்குன்னு தோணல. விதின்னு நாலு பக்கம் குடுத்தாங்க, கையெழுத்துப் போட்டேன். படிச்சீங்களான்னா யாரு படிக்கறது? ரெண்டாவது பக்கத்துல பதிஞ்சு வெச்ச க்ளிக் கூடாதுன்னு இருந்துச்சாம். அவ்வளவு முக்கியம்னா பெரிய எழுத்துல போட வேண்டியதுதானே?

மேட்ச்ல நிஷாந்தை இடது பக்கம் போகச் சொல்லணும். பேச அழுத்தினேன், விரல் வழுக்கிப் பின்னாடி பட்டன்ல பட்டுது. அவ்வளவுதான் நடந்தது. தெரியாம.

மேட்ச் முடிஞ்சதும் நடுவர் என் மவுஸைக் கழட்டிட்டுப் போய் வேற கம்ப்யூட்டர்ல சொருகினாரு. படம் வரையற பக்கத்தைத் திறந்து அந்தப் பட்டனை ஒரு தட்டு தட்டினாரு. வெள்ளைப் பக்கத்துல ஆறு புள்ளி, மேல இருந்து கீழ, கோடு பிடிச்ச மாதிரி. கூட்டமா நின்னு எல்லாரும் பார்க்கறாங்க. எனக்கு அந்த நேரத்துல என்ன தோணுச்சு தெரியுமா, இடைவெளி எவ்வளவு சரியா இருக்குன்னு. வெக்கமில்லாம.

எதிர் டீம்ல ஒருத்தன் சொன்னான், அதான பார்த்தேன், பொண்ணு இப்படி அடிக்கறாளேன்னு. அவன் மேல பாயப் போனேன். நிஷாந்த் என்னைத் தள்ளி நிறுத்திட்டு நடுவர்கிட்டப் போனான். அவன் அதிகம் பேசற ஆள் கிடையாது. "சார், இவ வாய் இருக்கே, அது ரொம்ப மோசம். ஆனா ஏமாத்த மாட்டா. என் பேரை வேணா எழுதிக்குங்க"ன்னான்.

அப்படிச் சொன்னவன் வெளிய வந்து என்ன சொல்றான் தெரியுமா? ஃபாரத்துல இப்படி எழுதுன்னு ஒரு மெசேஜ் அனுப்பறான். பாருங்க, படிக்கறேன். 'இந்த மவுஸ் நான் வேலை செய்யும் இடத்திற்குச் சொந்தமானது. அந்தப் பதிவை வேறு ஊழியர் செய்திருக்கிறார். எனக்குத் தெரியாது.' யாரு வேற ஊழியர்? தனபால் அண்ணனா? இது என் மவுஸு, நான் நாலு கடை ஏறி வாங்கினது. பதிஞ்சது நான். பொய் எழுத மாட்டேன்னு சொன்னேன். வாயில இருந்து பொய் வராதுடா எனக்குன்னு பஸ் ஸ்டாண்ட்ல கத்தினேன். மத்த மூணு பேரும் ஒரு வரிதானடி, எழுதினா என்ன, அவனுக்கு இது கடைசிடின்னு கெஞ்சினாங்க. எழுத மாட்டேன். நான் பதிஞ்சேன், கை தெரியாம பட்டுதுன்னு உள்ளதை உள்ளபடி எழுதுவேன், நம்பினா நம்பட்டும்னு சொல்லிட்டு முன்னாடி வந்து உங்க பக்கத்துல உட்கார்ந்துட்டேன்.

நீங்களே சொல்லுங்க, நான் செஞ்சது சரிதானே?



கருமத்தம்பட்டி வந்துடுச்சு. அப்ப இன்னும் அரை மணி இருக்கு.

அந்த மேட்ச் எப்படி ஆடினோம்னு நீங்க பார்த்திருக்கணும் அக்கா. பன்னெண்டுக்குப் பன்னெண்டு. கடைசி ரவுண்டு எடுக்கறவன் ஜெயிச்சான். எங்க ஆளுங்க நாலு பேரும் முதல் நிமிஷத்துலயே செத்துட்டாங்க. நான் ஒருத்தி, எதிர்ல ரெண்டு பேரு. படிக்கட்டுக்குக் கீழ உட்கார்ந்திருக்கேன். முதல் ஆள் எட்டிப் பார்த்தான், அவனை விட்டுட்டேன். ரெண்டாவது ஆளும் வர்ற வரைக்கும் பொறுத்தேன். நான், பொறுத்தேன். ரெண்டு பேரும் ஒரே கோட்டுல வந்தாங்க. ஒரே தட்டு. ரெண்டு பேரும் விழுந்தாங்க. நிஷாந்த் என் சேரோட சேர்த்து என்னைத் தூக்கிட்டான். அந்த ரவுண்டைத்தான் நடுவர் பின்னாடி நின்னு பார்த்திருக்காரு.

என்ன?

இல்லீங்க்கா, பேசறதுக்குத்தான் அழுத்தினேன். நிஷாந்தை இடது பக்கம் போகச் சொல்ல.

ஆமா, அவன் செத்துட்டான்தான்.

செத்தவங்களுக்கும் கேக்கும் அதுல. சரி, கேக்கும், ஆனா இடது பக்கம் போக முடியாது. ஒத்துக்கறேன். நீங்க என்ன வேலை பார்க்கறீங்க? பனியன் கம்பெனியில செக்கிங்கா? எத்தனை வருஷமா? பதினோரு வருஷமா. அதான். பீஸைக் கையில வாங்கினதும் எங்க தையல் விட்டிருக்குன்னு பார்க்கற கண்ணு. நடுவர் கேக்கல, நிஷாந்த் கேக்கல, அந்த எதிர் டீம்காரன்கூட இதைக் கேக்கல.

இடது பக்கம் போகச் சொன்னது வேற ரவுண்டு. நாலாவது ரவுண்டு. அது நெஜமாவே தெரியாமதான் பட்டுது. கண்ணை மூடிச் சொல்லுவேன். பேச அழுத்தினா துப்பாக்கி சுட்டுது, எதிர்ல இருந்தவன் அப்படியே விழுந்தான். நானே பயந்துட்டேன். என்னடா இதுன்னு ஒரு நிமிஷம் புரியல, அப்புறம் புரிஞ்சுடுச்சு. சமிக்கின்னு புரிஞ்சுடுச்சு. அப்பவே கையைத் தூக்கி சார், என் மவுஸ்ல ஒரு விஷயம் இருக்குன்னு சொல்லியிருக்கலாம். ரவுண்டுக்கு ரவுண்டு நடுவுல நேரம் குடுக்கறாங்க. நான் தண்ணி குடிச்சேன்.

ஒன்பதாவது ரவுண்டுல ஒரு தடவை. அப்ப நாங்க தோத்துட்டு இருந்தோம். கட்டை விரல் ரெண்டு பட்டனுக்கும் நடுவுல நின்னுச்சு. வழுக்கினா வழுக்கட்டும்னு வெச்சிருந்தேன்னு சொல்லலாம். வழுக்கல. நான்தான் அழுத்தினேன். அப்புறம் கடைசி ரவுண்டு.

தப்புன்னு தெரியுமான்னா, விதியைப் படிக்கல நான்.

தெரியும். அதுக்கு எதுக்கு விதி.

நடுவர் அந்தக் கடைசி ரவுண்டை மட்டும்தான் பார்த்தாரு. மத்தது அவங்களுக்குத் தெரியாது. ஒரு தடவை கை பட்டுதுன்னு எழுதினா ஒத்துக்குவாங்க, அடுத்த ஞாயிறு மேட்ச். நிஷாந்த் எழுதித் தந்த பொய்யைவிட என் பொய் நல்லா ஓடும், பாதி நெஜமா இருக்கறதால. அதை வெச்சுக்கிட்டுத்தான் பஸ் ஸ்டாண்ட்ல அவ்வளவு கத்தினேன். அவனைப் போய்ப் பொய் சொல்றியேடான்னு கேட்டேன் அக்கா. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். அவன், என்கிட்ட.

ச்சை. நான் வேற யாராவது பக்கத்துல போய் உட்கார்ந்திருக்கலாம்.

இல்ல, தண்ணி வேண்டாம். மணி என்ன? அஞ்சு நாப்பது. தெக்கலூர் தாண்டினா சிக்னல் போய்ப் போய் வரும்.

எழுதறேன் இருங்க. தமிழ்ல எழுதலாம்னு போட்டிருக்கு, அதுவரைக்கும் நல்லது. 'மவுஸ் என்னுடையது. பதிவு செய்தது நான், வேலைக்காக. நடந்த மேட்சில் மூன்று முறை அழுத்தினேன். நாலாவது ரவுண்டில் தெரியாமல். ஒன்பதாவது ரவுண்டிலும் கடைசி ரவுண்டிலும் தெரிந்தே. டீமில் யாருக்கும் தெரியாது. நிஷாந்துக்கும் தெரியாது.' இதுக்கு மேல என்ன எழுதறது? மன்னிக்கவும்னு எழுதலாம்தான். ஆனா அதை இவங்களுக்கு எதுக்கு எழுதணும்? இவங்க யாரு எனக்கு?

டீமையும் சேர்த்துத்தான் வெளிய போடுவாங்க, தெரியும். யாருக்கும் தெரியாதுன்னு எழுதினதைப் படிச்சுட்டு மனசு மாறுவாங்களான்னு தெரியல. மாற மாட்டாங்க. விதின்னா விதி. நிஷாந்த் பெங்களூரு போயிடுவான். போற வரைக்கும் என் மூஞ்சியைப் பார்க்க மாட்டான்.

அனுப்பலை. இன்னும் அனுப்பலை. அவனுக்கு ஃபோன்ல வந்து தெரியக் கூடாது. போட்டிக்கு வந்த பசங்க வாட்ஸப் குரூப்ல யாராவது போட்டு, அதைப் படிச்சு, அப்படித் தெரியக் கூடாது. என் பேரை எழுதிக்குங்கன்னு சொன்னவன். முதல்ல அவன்கிட்ட வாயால சொல்லிட்டு, அவன் பார்க்க அனுப்பறேன். இருபது நிமிஷம் இருக்கு, போதும். திட்டறதுக்கும் அவனுக்குக் கொஞ்சம் நேரம் வேணுமில்ல.

இப்ப திரும்பிப் பாருங்க அக்கா. ஓரத்துல இருக்கறவன், கண்ணாடி போட்டவன். தூங்கறானா?

முழிச்சிருக்கானா. சரி.

இந்த டப்பாவைக் கொஞ்சம் பிடிங்க. காலை மடக்குங்க, நான் பின்னாடி போகணும்.